பட்டாளத்து லோரியும் நம் தோட்டமும்

தோட்டப்புற வாழ்வில் லோரிக்கு இருந்த இடத்தை இன்றைய இளைஞருக்கு எடுத்துரைப்பது எளிதன்று. பொழுது விடியுமுன் பிரட்டுக் களத்தின் ஓரத்தில் அது உறுமிக்கொண்டு நிற்கும். பாலை ஸ்டோருக்கும், ஒட்டுப்பால் மூட்டைகளை ஆலைக்கும், அரிசியைத் தோட்டத்துக் கடைக்கும் கொண்டுசெல்வது அதுவே. பிள்ளைகள் பட்டணத்துப் பள்ளிக்குப் போனதும், நோயாளிகள் மருத்துவமனைக்குப் போனதும், திருவிழாக் கூட்டம் கோயிலுக்குப் போனதும், இறந்தவர் இடுகாட்டுக்குப் போனதும் பெரும்பாலும் அந்த ஒரே லோரியில்தான். தோட்டத்தில் துரைக்கும் கிராணியாருக்கும் அடுத்தபடி பெயர் பெற்றவர் லோரி ஓட்டுநர் என்று சொன்னால் மிகையாகாது.

சில தோட்டங்களில் அந்த லோரியின் முகமே வேறாக இருந்தது. சப்பை மூக்கு, ஆள் மார்பளவு உயர்ந்த சக்கரங்கள், பச்சை வண்ணத்தின்மேல் பூசிய வேறொரு வண்ணம், அதையும் மீறி எட்டிப் பார்க்கும் பழைய பச்சை. மக்கள் அதனைப் ‘பட்டாளத்து லோரி’ என்றே அழைத்தனர். அது எங்கிருந்து வந்தது, யாருக்காகச் செய்யப்பட்டது என்று கேட்டவர் சிலரே.

அண்மையில் ஈப்போவுக்கு வெளியே ஓரிடத்துக்குப் போகும் வாய்ப்புக் கிட்டியது. முன்பு முழுவதும் ரப்பராக இருந்த அத்தோட்டம் இன்று பாதி செம்பனையாகவும் பாதி வீடமைப்புத் திட்டமாகவும் மாறிவிட்டது. பழைய லயத்தின் எச்சமாக நிற்கும் ஒரு தகரக் கொட்டகையின் கீழ் மூன்று அச்சுகள் கொண்ட ஜி.எம்.சி. லோரி ஒன்று நின்றது. அத்தோட்டத்தில் நெடுங்காலம் லோரி ஓட்டிய பெரியவரின் மகன், வெட்டுமரத் தொழிலில் உழைத்து ஓய்ந்துபோன அந்த வண்டியைத் தம் சேமிப்பைக் கொண்டு வாங்கியிருக்கிறார்.

“சார், இதெ மறுபடியும் ரோட்டுல ஓட வைக்கணும். அப்பாவெ முன்னால உக்கார வச்சி ஈப்போ வரைக்கும் போகணும். ஆனா எதெ மாத்தலாம், எதெ மாத்தக் கூடாதுன்னு ஆளாளுக்கு ஒண்ணு சொல்றாங்க” என்றார் அவர்.

நாற்காலியில் அமர்ந்திருந்த பெரியவர் இடைமறித்தார். “வாத்தியாரய்யா, அவன்கிட்ட நானும் ஒண்ணுதான் சொல்றேன். மொதல்ல பிரேக்கெப் பாருடா. பெயிண்டு அப்புறம்.”

இக்கட்டுரை அவ்விருவர் பேச்சிலிருந்தே பிறந்தது. பழைய இராணுவ லோரியை வாங்குவோரும் மாற்றியமைப்போரும் பேராக்கில் இன்றும் இருக்கின்றனர். அதன் பின்புறத்தில் ஏறிப் பயணம் செய்தவர்களோ நாம்தான். ஆகவே அதன் பிறப்பையும், அதில் செய்யப்படும் மாற்றங்களின் விளைவையும் நாம் அறிந்திருப்பது நன்று.

போரில் பிறந்தவை

இரண்டாம் உலகப் போர் பெருமளவில் மோட்டார் வண்டியை நம்பி நடந்த போர். படை எங்கே போனாலும் அதற்கு உணவு, எரிபொருள், வெடிமருந்து ஆகியவை பின்தொடர வேண்டும். இதற்கென அமெரிக்காவின் ஜி.எம்.சி. நிறுவனம் ஆறு முனைகளிலும் இயந்திர விசை பாயும் இரண்டரை டன் லோரியை 1941 முதல் 1945 வரை 5 இலட்சத்துக்கும் மேற்பட்ட எண்ணிக்கையில் செய்து குவித்தது. கனடாவில் ஃபோர்ட், செவர்லே ஆகிய இரு நிறுவனங்களும் பிரிட்டிஷ் இராணுவத்தின் தேவைக்கேற்ப ஒரே சாயலில் 4 இலட்சத்துக்கும் அதிகமான வண்டிகளைச் செய்தன. சப்பை மூக்கு வண்டி என்று நம்மவர் கூறியது பெரும்பாலும் இந்தக் கனடிய வண்டியையே. அவற்றுள் பிற்காலத்தில் வந்தவற்றின் முன்கண்ணாடி, மேலிருந்து கீழாக உட்புறம் சாய்ந்திருக்கும். வெயில் பட்டு மின்னி, வானில் பறக்கும் எதிரி விமானத்துக்கு இடத்தைக் காட்டிக் கொடுத்துவிடக் கூடாதென்றே அவ்வாறு சாய்த்தனர்.

இங்கிலாந்தின் ஏ.ஈ.சி. நிறுவனம் செய்த மாட்டடோர் இவற்றிலிருந்து வேறுபட்டது. பீரங்கிகளை இழுப்பதற்கென்றே பிறந்த அது எண்ணிக்கையில் சிறியது; ஒன்பதாயிரத்துச் சொச்சமே செய்யப்பட்டது. ஆயினும் அதில் 7.6 லீட்டர் கொள்ளளவும் 95 குதிரைச் சக்தியும் உடைய டீசல் இயந்திரம் இருந்தது. ஏழு டன் இழுக்கவல்ல வின்ச்சும் இருந்தது. அக்காலத்து இராணுவ லோரிகளில் மிகப் பெரும்பாலானவை பெட்ரோலில் ஓடியவை என்பதை நினைவிற்கொண்டால் மாட்டடோரின் மதிப்பு விளங்கும்.

இங்கே பால்மரத் தொழிலாளர் அறியவேண்டிய செய்தி ஒன்று உண்டு. 1942-இன் தொடக்கத்தில் மலாயாவும் டச்சு கிழக்கிந்தியத் தீவுகளும் ஜப்பானியர் கைக்குப் போனவுடன், அமெரிக்கா பெற்றுவந்த இயற்கை ரப்பரில் ஏறத்தாழ 90 விழுக்காடு நின்றுபோயிற்று. பத்து டயர்களில் ஓடும் லோரியை இலட்சக்கணக்கில் செய்துகொண்டிருந்த நாட்டுக்கு அது பேரிடி. செயற்கை ரப்பர்த் தொழிற்சாலைகள் அவசரம் அவசரமாக எழுந்தன. ஆயினும் செயற்கை ரப்பரால் செய்த கனரக டயர் ஓட ஓட மிகுதியாகச் சூடேறியது. அதனால் பெரிய டயர்களில் இயற்கை ரப்பரைக் கலப்பதை முற்றிலும் கைவிட முடியவில்லை. அவ்வேளையில் இங்கே நம் மரங்கள் பல வெட்டப்படாமல் நின்றன. அவற்றை வெட்டிய கைகளில் பல, சயாம் இரயில் பாதை போடக் கொண்டு செல்லப்பட்டன. அக்கைகளில் திரும்பி வராதவை எத்தனையோ.

1945 செப்டம்பர் 9-ஆம் நாள், ஜப்பான் சரணடைந்த பின், பிரிட்டிஷ் படை சிலாங்கூர் மோரிப் கடற்கரையில் இறங்கியது. துப்பாக்கிச் சூடே இல்லாத அந்த இறக்கத்தில் வண்டிகள் பல இளகிய சேற்றில் புதைந்து நகர மறுத்தன. பகைவரைவிடச் சேறே பெரிய பகையாயிற்று! படை நிலைகொண்டு, பிறகு குறைந்தபோது, தேவைக்கு மிஞ்சிய வண்டிகள் விற்பனைக்கு வந்தன. ஈய லம்பங்களும், தோட்டங்களும், மரக்காட்டு முதலாளிகளும் வாங்கினர். போரில் நொறுங்கிய நாட்டில் புதிய லோரி கிடைப்பது அரிதாக இருந்த காலம் அது.

அந்த மூச்சு அடங்குமுன் மற்றொன்று தொடங்கியது. 1948 ஜூன் 16-ஆம் நாள் பேராக் சுங்கை சிப்புட்டில் தோட்டத் துரைமார் மூவர் சுட்டுக் கொல்லப்பட்டனர். அவசரகாலம் பிரகடனமாயிற்று, 1960 ஜூலை 31 வரை நீடித்தது. அப்பன்னிரண்டு ஆண்டுகளில் இராணுவ லோரி தோட்டப்புறத்தின் அன்றாடக் காட்சியானது. சில வண்டிகளுக்கு இரும்புத் தகடுகள் வேய்ந்து கவசமிட்டனர். 1950-இல் வகுக்கப்பட்ட பிரிக்ஸ் திட்டத்தின்படி காட்டோரக் குடிகளைப் புதுக்கிராமங்களுக்குக் கொண்டுசென்றதும், பல தோட்டங்களில் சிதறிக் கிடந்த லயங்களை ஒரே முள்வேலிக்குள் சேர்த்ததும் அப்போதுதான். தட்டுமுட்டுச் சாமான்களோடு லோரியின் மேல் அமர்ந்து வந்ததைச் சொல்லும் பாட்டிமார் அண்மைக்காலம்வரை நம்மிடையே இருந்தனர்.

மலையின் அரசன்

இந்த வண்டிகளுக்கு மலாயாவில் இரண்டாவது பிறவி கொடுத்தவர்கள் சீனப் பட்டறைக்காரர்களும் மரக்காட்டுத் தொழிலாளர்களும் ஆவர். பழைய இராணுவ லோரியின் அடிச்சட்டத்தை எடுத்து, வலுவான வின்ச்சைப் பொருத்தி, காட்டில் வெட்டி வீழ்த்திய பெருமரத்தைக் கம்பி வடத்தால் இழுத்துச் சுமந்துவரும் ஊர்தியாக மாற்றினர். கன்டோனியர் அதற்கு இட்ட பெயர் சான் தாய் வோங். மலையின் அரசன் என்பது பொருள். மலாய்க்காரர் லோரி ஹந்து, அதாவது பேய் லோரி என்றனர். பதிவெண்ணும் சாலை வரியும் இன்றிக் காட்டுக்குள்ளேயே பிறந்து காட்டுக்குள்ளேயே மடிவதால் அப்பெயர் வந்தது என்பர். கதவில்லாமல், மூடியில்லாமல், சில வேளைகளில் விளக்கும் இல்லாமல் மேட்டில் ஊர்ந்து வருவதைக் கண்டவருக்கு அப்பெயர் பொருத்தமாகவே தோன்றும்.

இந்தப் பட்டறைக் கலைஞர்களின் திறமை வியக்கத்தக்கது. கிடைத்த கியர்ப்பெட்டியோடு கிடைத்த இயந்திரத்தை இணைத்தனர். இல்லாத உறுப்பைத் தாமே கடைந்தனர். ஆனால் ஒன்றை மறக்கலாகாது. காட்டு வண்டி மணிக்கு ஐந்தாறு மைல் வேகத்தில் ஊர்வது. அதில் சரியென விட்டுவைத்த குறை, அதே வண்டி தார்ச்சாலைக்கு வந்து நாற்பது மைல் வேகத்தில் ஓடும்போது உயிர்க்கேடாகும். நம் நண்பர் வாங்கியதும் அத்தகைய காட்டு வண்டியே.

இயந்திரம் மாறினால் பிரேக் என்னாகும்?

பழைய பெட்ரோல் இயந்திரத்தைக் கழற்றிவிட்டு ஜப்பானிய டீசல் இயந்திரத்தைப் பொருத்துவதே இங்கு பெருவழக்கான மாற்றம். காரணம் வெளிப்படை. ஜி.எம்.சி.யின் 4.4 லீட்டர் பெட்ரோல் இயந்திரம் எண்ணெயைக் குடிக்கும்; உதிரிப் பொருள் கிடைப்பதும் அரிது. டீசலோ சிக்கனமானது, குறைந்த சுழற்சியிலேயே நல்ல இழுவை தருவது. இம்மாற்றத்தை நான் குறை கூறவில்லை. ஆனால் இதில் கண்ணுக்குத் தெரியாத பள்ளம் ஒன்று இருக்கிறது. அதைச் சற்று விரிவாகவே கூறுகிறேன்.

லோரி போன்ற கனமான வண்டியைக் கால் பலத்தால் மட்டும் நிறுத்த இயலாது. ஆகையால் மிதிக்கு உதவியாக ஒரு கலம் வைத்திருக்கின்றனர். அக்கலத்தின் ஒரு பக்கத்தில் காற்றை உறிஞ்சி வெற்றிடம் உண்டாக்கிவிட்டால், மறுபக்கத்து வெளிக்காற்று தன் அழுத்தத்தால் தகட்டைத் தள்ளி, பிரேக் எண்ணெயை மேலும் விசையுடன் சக்கரங்களுக்கு அனுப்பும். ஜி.எம்.சி. லோரியில் அமைந்தது இந்த ஏற்பாடே.

அந்த வெற்றிடத்தை உண்டாக்குவது யார்? பெட்ரோல் இயந்திரமே. பெட்ரோல் இயந்திரத்தில் வேகத்தைக் கட்டுப்படுத்த, காற்று புகும் வழியில் ஒரு தகடு குறுக்கே நின்று திறந்து மூடும். மூடியிருக்கும்போது பிஸ்டன்கள் காற்றுக்காக ஏங்கி உறிஞ்சும். உறிஞ்சுகுழலால் குவளையில் பானம் அருந்தும்போது குழலின் வாயை விரலால் அடைத்துப் பாருங்கள், கன்னம் உள்வாங்கும். அந்த உறிஞ்சலிலிருந்து ஒரு குழாயைப் பிரேக் கலத்துக்கு இணைத்திருக்கிறார்கள்.

டீசல் இயந்திரத்தில் பெரும்பாலும் அத்தகு தகடு கிடையாது. காற்று தடையின்றிப் புகும். வேகத்தைக் கட்டுப்படுத்துவது எரிபொருளின் அளவு. ஆகவே உறிஞ்சலும் இல்லை, வெற்றிடமும் இல்லை. பழைய குழாயை அப்படியே புதிய இயந்திரத்தில் இணைத்துவிட்டால், பார்வைக்கு எல்லாம் சரியாக இருக்கும். மிதியை மிதித்தால் கல்லை மிதிப்பது போலிருக்கும். வெறும் வண்டி சமதரையில் எப்படியோ நின்றுவிடும். சுமையேற்றி இறக்கத்தில் வரும்போதே உண்மை வெளிப்படும்.

இதற்கு மாற்று உண்டு. ஜப்பானிய டீசல் இயந்திரங்கள் பலவற்றில் மின்னாக்கியின் பின்புறத்தில் சிறியதொரு வெற்றிட பம்பு சேர்ந்தே வரும். பழைய இரும்புக் கடையில் இயந்திரம் வாங்குவோர் அந்தப் பம்பையும், அதற்கு எண்ணெய் செல்லும் குழாயையும் விட்டுவிடாமல் கேட்டு வாங்க வேண்டும். பலர் மின்னாக்கியை வேறொன்றாக மாற்றிப் பம்பைத் தொலைத்துவிடுகின்றனர்.

பம்பு வேலை செய்கிறதா என்று அறிய ஓர் எளிய சோதனை உண்டு. எந்த ஓட்டுநரும் காலையில் அரை நிமிடத்தில் செய்யலாம். இயந்திரம் நின்றிருக்கும்போது பிரேக்கை ஐந்தாறு முறை மிதியுங்கள். கலத்தில் எஞ்சிய வெற்றிடம் தீர்ந்து மிதி கெட்டியாகும். அப்படியே மிதித்த காலை எடுக்காமல் இயந்திரத்தை முடுக்குங்கள். மிதி காலடியில் சற்றே தணிந்தால் உதவி கிடைக்கிறது என்று பொருள். தணியவில்லையெனில் வண்டியை எடுக்க வேண்டாம். தணிவது நில்லாமல் அடித்தட்டுவரை மெல்லப் போய்க்கொண்டே இருந்தால் எண்ணெய் எங்கோ கசிகிறது. அது அதனினும் மோசம். ஏனெனில் அக்காலத்து லோரிகளில் எல்லாச் சக்கரத்துக்கும் ஒரே எண்ணெய் வழிதான். இன்றைய வண்டிகளில் உள்ளதுபோல் இரு வழிகளாகப் பிரித்திருக்கவில்லை. ஒரு சக்கரத்தில் குழாய் வெடித்தால் எல்லாச் சக்கரங்களிலும் பிரேக் போய்விடும். பழைமை கெடுகிறதே என்று எண்ணாமல் இதை இரு வழிகளாக மாற்றிக்கொள்வது தக்க மாற்றமாகும்.

இதில் எனக்கு இத்தனை அக்கறை ஏன் என்று கேட்பீர்கள். தோட்டத்துப் பிள்ளையாக நான் பள்ளிக்குப் போனது லோரியில்தான். ஒரு நாள் மழை விட்ட காலையில், ஆற்றுப் பாலத்துக்கு இறங்கும் சரிவில் ஓட்டுநர் மிதியை மிதித்துக்கொண்டே இருந்தார், வண்டி நிற்கவில்லை. அவர் கியரைக் குறைத்து, மண்மேட்டில் பக்கவாட்டை உரசவிட்டு நிறுத்தினார். முப்பது பிள்ளைகளுக்கு மேல் இருந்தோம். ஒரு பையனுக்குக் கை முறிந்தது, மற்றவர்க்குச் சிராய்ப்பு. அத்தோட்டத்தின் பெயர் இங்கு வேண்டாம். மறுநாளும் அதே லோரிதான் வந்தது, ஏறிக்கொண்டுதான் போனோம்.

இறக்கத்தில் பிரேக்கை மட்டும் நம்புதலும் தவறு. எந்தக் கியரில் அம்மேட்டில் ஏற முடியுமோ அதே கியரில் இறங்குவது பழைய ஓட்டுநர்களின் விதி. கேமரன் மலையிலிருந்து தாப்பாவுக்கு இறங்கும் வழியில் பிரேக் மணம் மூக்கைத் துளைப்பதை நுகர்ந்தவர்கள் இதை உணர்வர். பிரேக் எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை ஈர்க்கும் இயல்புடையது. நம் நாட்டு ஈரத்தில் மாற்றாமல் விட்ட பழைய எண்ணெய், நெடிய இறக்கத்தின் சூட்டில் கொதித்து ஆவியாகிவிடும். ஆவியை அழுத்தலாம், ஆனால் அது சக்கரத்தைப் பிடித்து நிறுத்தாது.

சிவப்பு மரைகள்

சக்கரத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். பிரிட்டிஷ், கனடிய இராணுவ வண்டிகள் பலவற்றின் சக்கரம் ஒரே துண்டாக இராது. இரண்டு பாதிகளை மரைகளால் இறுக்கி ஒன்றாக்கியிருப்பார்கள். போர்முனையில் டயரை எளிதில் மாற்றுவதற்கான ஏற்பாடு அது. அச்சக்கரத்தில் மரைகள் இரு வரிசையாக இருக்கும். உள்வரிசை, சக்கரத்தை வண்டியோடு பிணைப்பது. வெளிவரிசை, இரு பாதிகளையும் ஒன்றோடொன்று பிணைப்பது. வெளிவரிசை மரைகளுக்கு இராணுவத்தினர் சிவப்பு வண்ணம் பூசினர். டயரில் காற்றிருக்கும்போது சிவப்பு மரைகளைக் கழற்றினால் சக்கரம் குண்டுபோல் வெடித்துப் பிளக்கும். வாங்குபவர் வண்டிக்கு அழகாகக் கறுப்பு வண்ணம் பூசி அந்தச் சிவப்பை மறைத்துவிடுகிறார்; பின்னொரு நாள் டயர் கடைப் பையன் எந்த மரையென்று அறியாமல் முடுக்கியை மாட்டுகிறான். ஆதலின் வேறெதை மாற்றினாலும் அந்தச் சிவப்பை மட்டும் மாற்றாதீர். அமெரிக்க லோரிகளில் இரும்பு வளையம் ஒன்று டயரைப் பிடித்திருக்கும். காற்றடைக்கையில் அது தெறித்து உயிர் பறித்ததுண்டு. இரும்புக் கூண்டுக்குள் வைத்தோ, சங்கிலியால் சுற்றிக் கட்டியோ, எட்ட நின்று காற்றடைப்பதே முறை.

இராணுவ டயரின் குறுக்குப் பட்டைகள் சேற்றுக்கு நல்லவை; மழையில் நனைந்த தாருக்கு உகந்தவையல்ல. முன்னச்சையும் இயக்கும் நெம்புகோலைச் சேற்றிலும் மணலிலும் மட்டுமே போட வேண்டும். வளைவில் முன்சக்கரமும் பின்சக்கரமும் வெவ்வேறு தூரம் ஓட வேண்டியிருப்பதால், பிடிப்புள்ள சாலையில் இரண்டையும் ஒன்றாக இணைத்து ஓட்டினால் அச்சுகள் ஒன்றையொன்று முறுக்கிக்கொள்ளும்.

நம் நண்பரின் வண்டியில் ஓட்டுநர் இருக்கை இடப்பக்கம் இருந்திருக்க வேண்டும். காட்டில் யாரோ வலப்பக்கம் மாற்றியிருந்தார்கள். மாற்றியது தவறன்று. ஆனால் திசைமாற்றும் கைகளில் ஒன்றை வெட்டிப் பற்றவைத்து நீட்டியிருந்தார்கள். அடித்து உருவாக்கிய எஃகைச் சாதாரணமாகப் பற்றவைத்தால் பற்று நிற்கும் இடத்தை ஒட்டியே அது பிற்பாடு ஒடியக்கூடும். பெரியவர் விரலால் தடவியே அந்தத் தழும்பைக் கண்டுபிடித்தார். அதைக் கழற்றி எறிய வேண்டும் என்பதில் இருவருக்கும் கருத்து வேற்றுமை இல்லை.

அடிச்சட்டத்தில் துளையிடும்போது அதன் மேல் விளிம்பிலும் கீழ் விளிம்பிலும் துளையிடலாகாது. பளுவைத் தாங்குபவை அவ்விளிம்புகளே. நடுச்சுவரில் இடலாம். மாட்டடோர் வைத்திருப்போர்க்கு வேறொரு தொல்லை. அதன் ஓட்டுநர் அறை, மரச்சட்டத்தின்மேல் தகடு போர்த்தியது. நம் நாட்டு மழையும் கறையானும் உள்ளிருக்கும் மரத்தைத் தின்றுவிட, வெளித் தகடு மட்டும் லோரிபோல் நின்றுகொண்டிருக்கும்.

வின்ச்சைப் பற்றி ஒரு வார்த்தை. ஜி.எம்.சி.யின் முன்புற வின்ச் 10,000 பவுண்டு இழுக்கவல்லது. அதற்கு மேல் பளு ஏறினால் ஒடிந்துபோகவென்றே மெல்லிய முளை ஒன்றை அதன் சுழல் தண்டில் வைத்திருக்கிறார்கள். அது ஒடிவது குறையன்று. அதன் வேலையே ஒடிவதுதான். “அடிக்கடி ஒடிகிறதே” என்று அலுத்துக்கொண்டு உறுதியான எஃகு ஆணியை அடித்துவிடுவோர் பலர். பிறகு ஒடிவது கம்பி வடம். அறுந்த வடம் சாட்டைபோல் சுழன்று வரும் வழியில் யார் நிற்கிறார் என்று பார்க்காது.

தாள்களும் தகடுகளும்

மலேசிய இராணுவ வண்டிகளின் பதிவெண் ‘இசட்’ எழுத்தில் தொடங்கும். தனியார் ஒருவர் அத்தகைய வண்டியை வாங்கிச் சாலையில் ஓட்ட விரும்பினால் சாலைப் போக்குவரத்து இலாகாவில் புதிதாகப் பதிந்து, பேராக்கின் ‘ஏ’ எழுத்து எண்ணைப் போன்ற பொது எண் பெற வேண்டும். அதற்கு விற்பனைத் தாள்களும், அடிச்சட்ட எண்ணும், இயந்திர எண்ணும் பொருந்தியிருத்தல் வேண்டும். காட்டு லோரிகளின் பெருங்குறை இங்கேதான். தாள் இல்லை, சில வேளைகளில் அடிச்சட்ட எண்ணும் தேய்ந்துபோயிருக்கும். “பணத்தைக் கொடுங்கள், தாளைப் பிறகு பார்ப்போம்” என்று விற்பவர் சொன்னால், அங்கேயே வணக்கம் கூறி வந்துவிடுவது மேல். இயந்திரத்தை மாற்றியிருந்தால் அதற்கு இலாகாவின் ஒப்புதலும் வண்டிப் பரிசோதனையும் வேண்டும். தெரிவிக்காத மாற்றம் காப்புறுதி இழப்பீட்டையும் பாதிக்கக்கூடும்.

பின்புறம் ஆட்களை ஏற்றுவது தனிச் செய்தி. சரக்கு ஏற்றவென்று பதிந்த லோரியில் பலகை போட்டு ஆட்களை ஏற்றுவதற்கு உரிமையாளரின் நல்லெண்ணம் போதாது. இலாகாவிடம் கேட்டறிந்து அனுமதி பெற வேண்டும். தோட்டத்துக்குள் ஓடும் வண்டிதானே, பதிவு எதற்கு என்போரும் உளர். தோட்டத்துக்குள்ளும் 1994-ஆம் ஆண்டின் தொழில் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் செல்லும். வேலைக்கு ஆளை ஏற்றிச் செல்லும் வண்டியின் நலம் முதலாளியின் கடமை. 2024 ஜூன் 1 முதல் நடப்புக்கு வந்துள்ள திருத்தம், வேலையில் உடனடி ஆபத்து இருப்பதாக நியாயமான காரணத்துடன் கருதும் தொழிலாளி, முதலாளி அதை நீக்காதபோது அவ்விடத்திலிருந்து விலகிக்கொள்ளும் உரிமையைத் தருகிறது. லோரியின் மிதி அடித்தட்டுவரை போவதை அறிந்தும் ஏறித்தான் ஆகவேண்டும் என்ற காலம் சட்டப்படி முடிந்துவிட்டது. இதைத் தொழிலாளர் அனைவரும் அறிந்துவைத்தல் வேண்டும்.

இனி, எதை மாற்றாமல் வைப்பது? உலகெங்கும் இத்தகைய வண்டிகளைப் பேணுவோரிடையே இதில் ஓயாத வழக்கு நடக்கிறது. பிறந்தபடியே ஒரு மரையும் மாறாமல் இருக்க வேண்டும் என்பார் ஒரு சாரார். ஓடாத வண்டி இரும்புக் குவியல், ஓடுவதற்கு எதையும் மாற்றலாம் என்பார் மறுசாரார். நம் நாட்டு வண்டிக்கு இருசாராரின் நியாயமும் முழுவதும் பொருந்தவில்லை என்பது என் எண்ணம். அமெரிக்காவில் பிறந்து, போருக்குப் போய், பேராக் மலையில் மரம் இழுத்த வண்டியிலிருந்து மரம் இழுத்த அடையாளத்தைத் துடைத்துவிட்டு, வெள்ளை நட்சத்திரம் மட்டும் எழுதி வைத்தால் அதன் கதையில் பெரும்பகுதி போய்விடும். பட்டறைக்காரர் கையால் செய்த அந்த வின்ச் தாங்கியும் பாதுகாக்கத் தக்கதே. பாதுகாப்புக்குரிய உறுப்புகளில் மட்டும் பழைமை என்னும் சலுகை கூடாது. போர்ட் டிக்சனில் உள்ள இராணுவ அருங்காட்சியகத்தில் நிற்கும் பழைய வண்டிகளை, வாய்ப்புள்ளவர் ஒருமுறை பிள்ளைகளோடு சென்று காண்க.

நான் விடைபெறும் வேளையில் நண்பர் முகப்புப் பலகையைத் துடைத்துக்கொண்டிருந்தார். அழுக்கடியில் சிறியதொரு தகடு தென்பட்டது. எந்தக் கியரில் எவ்வளவு வேகத்தில் போகலாம் என்று ஆங்கிலத்தில் பொறித்திருந்தது. மகன் ஒவ்வொரு வரியாகப் படித்துப் பொருள் சொல்ல, பெரியவர் தலையாட்டிக் கேட்டார். பிறகு எழுந்து, தடியை ஓரமாகச் சாய்த்துவிட்டு, மெல்ல ஏறி ஓட்டுநர் இருக்கையில் அமர்ந்தார். மிதியை ஐந்தாறு முறை மிதித்தார். “இப்ப ஸ்டாட் பண்ணு” என்றார். இயந்திரம் பிடித்தது.

“எறங்கல” என்றார் பெரியவர். “பம்பெக் கழட்டிப் பாரு.”

பின்பக்கத்துப் பலகை இருக்கைகள் இன்னும் சுவரோரமாகச் சாய்ந்தே கிடக்கின்றன.